மெய்யும் தோலும்

சென்ற கோடை விடுமுறையில் யாம் அறுவர் கள்ளக்குறிச்சியினின்று புறப்பட்டுக் கல்வராயன் மலையைக் காணச் சென்றோம். கோமுகி அணையைக் கண்ணுற்றுக் கச்சிராயபாளையத்தின் வழியாக மேலேறி வெள்ளிமலையை அடைந்தோம். மறுநாட் காலை பாட்டையை விட்டு நீங்கி ஒற்றையடிப் பாதையொன்றில் நடந்தபொழுது ஓர் ஓடை குறுக்கிட்டது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடையைக் கடந்து அக்கரையில் கால் வைத்த நண்பர் ஒருவர் 'ஆ' என்று அலறிக் காலைத் தூக்கினார். காரை முள் ஒன்று அவருடைய உள்ளங்காலில் ஏறி உள்ளேயே முறிந்துவிட்டது.

அருகிருந்த குடிசையின் முன்னே மூதாட்டி ஒருவர் புளி தட்டிக்கொண்டிருந்தார். அவர் மலையாளிகள் என்று வழங்கப்பெறும் அம்மலைப் பழங்குடி மக்களுள் ஒருவர். எம் நிலையைக் கண்டு, வீட்டினுட் சென்று ஊசியும் முள்வாங்கியும் கொணர்ந்தார். முதலில் ஊசியால் குதியின் தடித்த தோலைக் கீறினார். நண்பர் முகம் சுளிக்கவில்லை. இன்னும் சிறிது ஆழக் கீறினார்; நண்பர் பல்லைக் கடித்தார், ஆயினும் குருதி வரவில்லை. பின்னர் முள்ளைப் பற்றி இழுத்தார். நோவும் மிகுந்தது, ஒரு துளிக் குருதியும் குன்றிமணி போல அரும்பிற்று.

"நோவுதா, தம்பி?" என்று கேட்டார் மூதாட்டி.

"நோகிறது, பாட்டி."

"நொந்தா நல்லதுதான். நோவு தெரியாத காலுதான் கெட்ட காலு," என்று கூறி, மீண்டும் புளி தட்டச் சென்றார்.

அச்சொற்களைக் கேட்டு எம்முள் மற்றொருவர் முகம் வாடினார். அதன் காரணத்தைப் பின்னர்க் கூறுவோம். அம்முள் நுழைந்த வழியைப் பின்பற்றி மனிதத் தோலின் அமைப்பை முதற்கண் ஆராய்வோம். நோவின்மை, குருதியற்ற நோவு, குருதியோடு கூடிய நோவு என அன்று யாம் கண்ட மூன்று நிலைகளுக்கும் காரணம் அவ்வமைப்பிலேயே அடங்கியுள்ளது.

தோல் என்பது உடம்பைப் போர்த்திய வெறும் போர்வை என்றே நம்மிற் பலர் எண்ணுகின்றனர். அஃது இதயம், ஈரல், நுரையீரல் என்பன போலத் தனக்கென்று பல தொழில்களையுடைய ஓர் உறுப்பாகும். வளர்ந்த ஒருவருடைய தோலை விரித்து அளப்பின் ஏறத்தாழ 16 முதல் 20 சதுர அடி வரை இருக்கும். நாம் படுக்கும் கோரைப்பாயின் பரப்பு என்று அதனைக் கொள்ளலாம். இப்பரப்பு முழுதும் மேற்றோல், உட்டோல், தோலடிப் படலம் என மூன்று படைகளால் ஆயது.

கடுக்காய் காட்டும் பாடம்

இம்மூன்று படைகளையும் மருத்துவக் கல்லூரியிற் புகாமலே கண்ணாற் காண விரும்புவோர் தோல் பதனிடும் இடத்திற்குச் செல்லலாம். கல்வராயன் மலையினின்று சமவெளிக்கு இறங்கும் பொருள்களுள் புளி, தேன் என்பவற்றோடு கடுக்காயும் ஒன்று. கடுக்காயும், நம் வறண்ட நிலங்களில் மஞ்சட் பூப் பூத்து நிற்கும் ஆவாரையின் பட்டையும் தென்னாட்டுத் தோல் தொழிலுக்கு நெடுங்காலம் ஆதாரமாய் இருந்தன. ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை முதலிய ஊர்களில் இக்காலத்துக் குரோமிய உப்பால் பதனிடும் முறை பெருகியிருப்பினும், பழைய முறையே நமக்குத் தெளிந்த பாடமாகும்.

ஆட்டுத் தோலை முதலில் நீரில் ஊறவைத்துப் பின்னர்ச் சுண்ணாம்புத் தொட்டியில் இடுவர். சுண்ணாம்பினால் மயிரின் வேர் தளரும். மேற்படை குழைந்து மயிரோடு வழிந்து போகும். அவ்வாறு போவதே மேற்றோல். பின்னர்த் தோலைப் புரட்டிப் போட்டு, உட்புறத்தில் ஒட்டிய கொழுப்பையும் சவ்வையும் வளைந்த கத்தியாற் சுரண்டி எறிவர். அவ்வாறு சுரண்டப்படுவது தோலடிப் படலம். மேலும் கீழும் நீங்கியபின் இடையில் எஞ்சி நிற்பது உட்டோல் ஒன்றே. ஆவாரம்பட்டை நீரிலும் கடுக்காய் நீரிலும் ஊறி, நாம் அணியும் செருப்பாகவும் புத்தகத்தின் கட்டாகவும் ஆவது இவ்வுட்டோலே.

உட்டோல் மட்டும் அழியாது நிற்பதற்குக் காரணம் யாதெனின், அது கொலாஜன் என்னும் வலிய புரத நார்களால் நெய்யப்பட்டது. கடுக்காயின் துவர்ப்புப் பொருள் இந்நார்களோடு பிணைந்து அவற்றை அழுகாவண்ணம் காக்கிறது. கடுக்காயை வாயிலிட்டால் நா இழுத்துப் பிடிப்பது போலத் தோன்றுகிறதன்றோ? அப்பொருளே உமிழ்நீரிலுள்ள புரதங்களோடு பிணைவதன் விளைவு அது. தோலைப் பற்றிய இவ்வறிவைப் பெருக்கும் பொருட்டு 1948-ஆம் ஆண்டில் சென்னை அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பெற்றது.

மேற்றோல்

இனி மனிதத் தோலுக்கு வருவோம். மேற்றோல் உடம்பின் பெரும்பகுதியில் ஒரு தாளின் கனமே உடையது. ஏறத்தாழ 1 மில்லிமீட்டரிற் பத்தில் ஒரு பங்கு எனலாம். கண்ணிமையில் அதனினும் பாதி. உள்ளங்காலிலோ 1 மில்லிமீட்டருக்கும் மேற்படும். இத்துணை மெல்லிய படைக்குள்ளும் நான்கு அடுக்குகள் உள. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் ஐந்து.

எல்லாவற்றிற்கும் கீழே இருப்பது அடியடுக்கு. இஃது ஒரே வரிசையாக நிற்கும் உயிரணுக்களால் ஆயது. நாற்றங்காலில் நாற்று முளைப்பது போல இவ்வணுக்கள் இடைவிடாது பிரிந்து புதிய அணுக்களைத் தோற்றுவிக்கின்றன. புதியவை பிறக்கப் பிறக்கப் பழையவை மேலே தள்ளப்படுகின்றன.

அதன்மேல் உள்ளது முள்ளடுக்கு. இங்குள்ள அணுக்கள் சிறு சிறு பிணைப்புகளால் ஒன்றையொன்று இறுகப் பற்றி நிற்கின்றன. ஆய்வுக்காகப் பதப்படுத்தும்பொழுது அணுக்கள் சுருங்க, இப்பிணைப்புகள் முட்களைப் போலத் துருத்தித் தோன்றுதலின் இப்பெயர் ஏற்பட்டது. தோலை இழுத்தாலும் கிள்ளினாலும் அது பிய்ந்து வாராமைக்கு இக்கைகோப்பே காரணம்.

மூன்றாவது மணியடுக்கு. இங்கு வந்தெய்தும் அணுக்கள் இறக்கத் தொடங்குகின்றன. இறக்கும் முன்னர் அவை கொழுப்புப் பொருள்களைத் தம்மைச் சூழ வெளியிட்டு, நீர் புகாத பூச்சொன்றை அமைக்கின்றன. நான்காவதாகிய தெளியடுக்கு உள்ளங்கை உள்ளங்கால்களில் மட்டும் காணப்படும் ஒளி ஊடுருவும் மெல்லிய படை.

எல்லாவற்றிற்கும் மேலே இருப்பது கொம்படுக்கு. மாட்டின் கொம்பும் நம் நகமும் எப்பொருளால் ஆயினவோ, அக்கெரட்டின் என்னும் பொருள் நிறைந்த, தட்டையான, இறந்த அணுக்களின் அடுக்கு இது. அணுக்கள் செங்கல்லாகவும், இடையிலுள்ள கொழுப்பு சாந்தாகவும் நின்று ஒரு சுவரை எழுப்புகின்றன. கோமுகி ஆற்றில் நாம் ஒரு நாழிகை மூழ்கிக் கிடந்தாலும் நீர் உடம்பினுட் புகுந்து நிறைவதில்லை. சித்திரை வெயிலில் நின்றாலும் உடம்பின் நீர் முழுதும் ஆவியாகிப் போவதில்லை. தீயினால் இச்சுவர் பரந்த அளவில் அழிந்தோருக்கு மருத்துவர்கள் முதலில் நீரை ஏற்றுவதன் காரணமும் இதனால் விளங்கும்.

அடியடுக்கிற் பிறந்த அணு கொம்படுக்கை எய்தி உதிர்வதற்கு ஏறத்தாழ ஒரு திங்கள் முதல் இரண்டு திங்கள் வரை ஆகும். ஆகவே, நாம் இன்று பார்க்கும் முகத்தின் மேற்பரப்பு சென்ற பருவத் தேர்வின்போது இருந்த மேற்பரப்பு அன்று. ஓரிடத்தில் உராய்வு மிகுமாயின் அங்கு அணுக்கள் விரைந்து பெருகிக் கொம்படுக்குத் தடிக்கும். அதனையே காய்ப்பு என்கிறோம். 2021-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற கள்ளக்குறிச்சி மரச்சிற்பங்களைச் செதுக்கும் கலைஞரின் கையைத் தொட்டுப் பார்த்தோர், உளி பிடிக்கும் இடத்தில் இக்காய்ப்பை உணர்வர். கையின் உழைப்பைத் தோல் எழுதி வைத்திருக்கும் கணக்கு அது.

மேற்றோலின் இடையிடையே வேறு சில அணுக்களும் குடியிருக்கின்றன. அவற்றுள் ஒருவகை மெலனின் என்னும் கருநிறப் பொருளை ஆக்குவது. அடியடுக்கில் அமர்ந்துள்ள இவ்வணுக்கள் கிளை போன்ற கைகளை நீட்டி, தாம் ஆக்கிய நிறமணிகளை அண்டை அணுக்களுக்கு வழங்குகின்றன. அம்மணிகள், வெயிலில் தலைக்குத் துண்டிட்டுக்கொள்ளும் உழவரைப் போல, ஒவ்வோர் அணுவின் கருவுக்கும் மேலே குடையாக நின்று கதிரவனின் ஊதாக்கடந்த கதிர்களைத் தடுக்கின்றன. ஈண்டு ஓர் உண்மையை உன்னுதல் வேண்டும். நிறத்தை ஆக்கும் அணுக்களின் எண்ணிக்கை கறுத்தோர்க்கும் வெளுத்தோர்க்கும் ஏறக்குறைய ஒன்றே. அவை ஆக்கும் மணிகளின் அளவும் வகையுமே வேறுபடுகின்றன. தாளின் கனமேயுள்ள ஒரு படையில், மணியின் அளவில் உள்ள இவ்வேறுபாட்டைக் கொண்டு மனிதரை உயர்ந்தோர் தாழ்ந்தோர் எனப் பகுத்தமை எத்துணைப் பேதைமை!

மற்றொருவகை, நோய்க்கிருமிகள் நுழைந்தால் அவற்றைப் பற்றிச் சென்று உடம்பின் காவற்படைக்குக் காட்டும் ஒற்றர் அணுக்கள். இவற்றை 1868-ஆம் ஆண்டில் முதன்முதல் விளக்கியவர் பால் லாங்கர்ஹான்சு என்னும் செருமானியர். அப்பொழுது அவர் மருத்துவ மாணவர். அகவை இருபத்தொன்றை ஒட்டியது. அவர் அவற்றை நரம்பணுக்கள் என்று பிழைபடக் கருதினார். ஆயினும் அவர் கண்டது மெய்யே. மாணவராயிருக்கும்போதே உற்றுநோக்குவோர்க்கு உலகம் தன் மறைபொருளைக் காட்டும் என்பதற்கு இது சான்றாகும்.

மேற்றோலில் குருதிக்குழாய் ஒன்றேனும் இல்லை. கீழேயுள்ள உட்டோலினின்று கசிந்து வரும் ஊட்டத்தாலேயே அது வாழ்கிறது. ஆனால் நரம்புகளின் நுனிகள் மட்டும் அதன் உயிருள்ள அடுக்குகள் வரை ஏறி வந்துள்ளன. மூதாட்டியின் ஊசி கொம்படுக்கில் இருந்தபோது நோவில்லை. அங்கு எல்லாம் இறந்த அணுக்கள். இன்னும் ஆழ்ந்தபோது நோவு தோன்றியது, குருதி தோன்றவில்லை. அங்கு நரம்புண்டு, குழாய் இல்லை. முள் கிடந்த இடமோ இரண்டும் உள்ள உட்டோல்.

உட்டோல்

உட்டோல் இடத்திற்கேற்ப 1 முதல் 4 மில்லிமீட்டர் வரை கனமுடையது. இதன் மேற்பகுதி முட்டைவிளக்குகளை வரிசையாக நிறுத்தினாற்போல மேற்றோலுக்குள் எழுந்து நிற்கும் சிறு சிறு முகைகளைக் கொண்டது. இம்முகைகளுள் மயிரிழையினும் நுண்ணிய குருதிக்குழாய்களும் தொடுவுணர்ச்சிக்கான நரம்பு முனைகளும் அமைந்துள்ளன. விரல் நுனியில் இம்முகைகளின் வரிசைகளைப் பின்பற்றியே மேற்றோலின் வரைகள் எழுகின்றன. தாயின் வயிற்றிலேயே வரையப்பெற்ற இக்கோலம் வாழ்நாள் முழுதும் மாறுவதில்லை. மேற்றோல் தேய்ந்தாலும் கீழுள்ள அச்சினின்று அதே கோலம் மீண்டும் எழும். இவ்வுண்மையைக் கொண்டே 1897-ஆம் ஆண்டில் கல்கத்தாவில் கைரேகை நிலையம் தொடங்கப்பெற்றது.

உட்டோலின் கீழ்ப்பகுதி தடித்த கொலாஜன் நார்கள் பாய்போலப் பின்னிக் கிடக்கும் இடம். இடையிடையே மீள்தன்மையுள்ள நார்களும் உள. கிள்ளிவிட்ட தோல் பழைய நிலைக்கு மீள்வது இந்நார்களால். முதுமையில் இவை தளர்தலின் தோல் திரைகிறது. மேற்றோலில் மட்டும் பட்ட கீறல் வடுவின்றி ஆறிவிடும். உட்டோலின் ஆழத்தை எட்டிய காயமோ தழும்பை விட்டே ஆறும். நெய்த துணி கிழிந்தபின் தைக்கலாமேயன்றிப் பழையபடி நெய்தல் இயலாதன்றோ?

உட்டோலே உடம்பின் தட்பவெப்பத்தைக் காக்கும் இடமுமாகும். கள்ளக்குறிச்சியைச் சூழ்ந்த கரும்புக் கொல்லைகளில் நண்பகலில் கரும்பு வெட்டுவோரைப் பாருங்கள். அவர்தம் உடம்பில் 20 இலட்சம் முதல் 40 இலட்சம் வரையுள்ள வியர்வைச் சுரப்பிகள் நீரைச் சொரிகின்றன. அந்நீர் ஆவியாகும்பொழுது உடம்பின் வெப்பத்தைக் கவர்ந்து செல்கிறது. உட்டோலின் குருதிக்குழாய்களும் விரிந்து வெப்பத்தை வெளிவிடுகின்றன. அன்றிரவே ஒருவர் வெள்ளிமலைக்கு ஏறிக் குளிர்காற்றில் நிற்பாராயின், அக்குழாய்கள் சுருங்கி வெப்பத்தை உள்ளே அடக்குகின்றன. ஒவ்வொரு மயிரின் அடியிலும் உள்ள நுண்ணிய தசை சுருங்க, மயிர் சிலிர்க்கிறது. தோலும் மயிரும் வறளாதபடி நெய்ப்பு வழங்கும் எண்ணெய்ச் சுரப்பிகள் மயிர்க்கால்களைச் சார்ந்துள்ளன. மயிரில்லா உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் இவை இல்லை. வேனிலில் குதிகால் வெடித்து நோவதற்கு இதுவும் ஒரு காரணம்.

தோலடிப் படலம்

உட்டோலின் கீழே தசையோடு தோலை இணைக்கும் தளர்ந்த படலம் உள்ளது. இதிற் கொழுப்பே மிகுதி. கால் வைக்கும்போது அதிர்ச்சியைத் தாங்கும் மெத்தையாகவும், குளிரைத் தடுக்கும் கம்பளியாகவும், பசிநாளுக்கு உதவும் பத்தாயமாகவும் இது பயன்படுகிறது. அழுத்தத்தையும் அதிர்வையும் அறியும் பெரிய நரம்பு முனைகள் உட்டோலின் அடியிலும் இப்படலத்திலும் உள்ளன.

தளர்ந்த இப்படலத்தில் ஒரு காலத்து வேண்டாத விருந்தொன்றும் வந்து தங்கியது. அதுவே நரம்புச் சிலந்தி என்னும் புழு. குட்டையிலும் படிக்கிணற்றிலும் உள்ள நீரை வடிகட்டாமற் குடிப்போர் வயிற்றிற் புகுந்து, ஓராண்டளவில் மூன்றடி நீளம் வரை வளர்ந்து, தோலடியே ஊர்ந்து காலில் கொப்புளத்தை உண்டாக்கி வெளிப்படும். அதனை ஒரு குச்சியிற் சுற்றி நாள்தோறும் சிறிது சிறிதாக வெளியிழுத்தலே மருந்து. அவசரத்தால் அறுந்துவிடின் கால் வீங்கிப் பழுக்கும். கல்வராயனுக்குத் தென்மேற்கே உள்ள கொல்லிமலையில் தந்தையார் இவ்வாறு புழுக்களைச் சுற்றியெடுத்ததைத் தம் இளமையிற் கண்டதாகப் பின்னாளில் எழுதினார் அம்மலையிற் பிறந்த ஒரு மருத்துவர். மக்கள் நீரைத் துணியில் வடிகட்டக் கற்றதாலும், கிணறுகள் திருத்தப்பட்டதாலும் அப்புழு ஒழிந்தது. 2000-ஆம் ஆண்டில் இந்தியா முழுதும் அந்நோய் நீங்கிய நாடாக அறிவிக்கப்பட்டது.

நோவறியாத் தோல்

நிற்க. மூதாட்டி கூறிய 'நோவு தெரியாத கால்' யாது? தொழுநோயாற் பற்றப்பட்ட காலே அது.

அந்நோயின் கிருமியை 1873-ஆம் ஆண்டில் நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் கண்டறிந்தார். அக்கிருமி மிக மெல்லப் பெருகுவது. நோய் வெளிப்படப் பல ஆண்டுகள் ஆகும். உடம்பின் உள்வெப்பத்தை அது விரும்புவதில்லை. குளிர்ந்த இடமாகிய தோலையும், தோலுக்கு அண்மையில் ஓடும் நரம்புகளையும் நாடுகிறது. நரம்பிழைகளைப் போர்த்தியுள்ள அணுக்களுட் புகுந்து அவற்றைக் கெடுக்கிறது. ஆதலின் தோலில் வெளிறியதோ சிவந்ததோ ஆன தேமல் போன்ற படை ஒன்று தோன்றும். அது அரிப்பதில்லை, நோவதில்லை. பஞ்சினால் தொட்டால் தெரிவதில்லை. பெரும்பாலும் அவ்விடம் வியர்ப்பதுமில்லை. நோவில்லாமையே அதன் கொடுமை. நோகும் புண்ணை யாரும் மருத்துவரிடம் காட்டுவர். நோகாத படையைச் சட்டைக்கையால் மறைப்பர்.

தொழுநோயுற்றோரின் விரல்கள் நோயாலேயே அழுகி விழுகின்றன என்று உலகம் நெடுங்காலம் நம்பியது. அந்நம்பிக்கையைத் தகர்த்தவர் முற்கூறிய கொல்லிமலை மருத்துவரே. அவர் பெயர் பால் பிராண்டு. 1914-ஆம் ஆண்டிற் பிறந்த அவர் இங்கிலாந்திற் கற்று, வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் அறுவை மருத்துவராய்ப் பணியேற்றார். 1947-ஆம் ஆண்டில் தோல் மருத்துவர் இராபர்ட் காக்ரேன் அவரைச் செங்கற்பட்டுத் தொழுநோய் இல்லத்திற்கு அழைத்துச் சென்றார். அங்கு மடங்கிய விரல்களையுடைய ஒருவரின் கையைப் பிராண்டு பற்றினார். அக்கை அவர் கையை வலியுறும்படி இறுக்கிற்று! சில நரம்புகள் செத்திருப்பினும் முன்கையின் தசைகள் உயிரோடிருந்தன என்பது அவருக்கு விளங்கிற்று. நல்ல தசைநார்களை மாற்றிப் பிணைத்து மடங்கிய விரல்களை நிமிர்த்தும் அறுவை முறை இதனின்று வளர்ந்தது.

எனினும், திருத்திய கைகளும் மீண்டும் புண்பட்டன. காரணம் காண அவர் நோயாளரின் அன்றாட வாழ்க்கையை உற்றுநோக்கினார். துருப்பிடித்த பூட்டொன்றைத் தம்மால் திறக்க இயலாது நின்றபோது, நோயுற்ற சிறுவன் ஒருவன் எளிதிற் சாவியைத் திருப்பினான். அவன் விரல் எலும்பு தெரியக் கிழிந்திருந்தது, அவன் அறியவில்லை. சிலர் இரவில் விரலின் பகுதியை இழந்து காலையில் எழுந்தனர். உறங்கும்போது எலி கடித்தமையே காரணம் என்று பின்னர்த் தெரிந்தது. அதன்பின் வீடு திரும்பும் நோயாளருக்குப் பூனைகள் கொடுத்தனுப்பப்பட்டன! சுடுகலம், கூர்ங்கல், செருப்பின் ஆணி ஆகிய இவையே விரல்களைத் தின்றன; கிருமி செய்தது காவலாளனைக் கொன்றது மட்டுமே. நோவு என்பது தண்டனையன்று, காவல் என்னும் உண்மையைப் பிராண்டு தம் வாழ்நாள் முழுதும் எடுத்துரைத்தார். உணர்ச்சியற்ற கால்களுக்கு ஏற்ற மெல்லிய இரப்பர்ச் செருப்புகளை ஆக்குவதிலும் அவர் உழைத்தார். 2003-ஆம் ஆண்டில் அவர் மறைந்தார்.

அவருடைய அன்னையார் ஈவ்லின் பிராண்டு அம்மையாரைக் கல்வராயன் மலை மறத்தலாகாது. 1929-ஆம் ஆண்டிற் கணவரை இழந்த அவர், ஓய்வு பெறும் அகவை கடந்தபின் மீண்டும் கொல்லிமலைக்கு ஏறினார். அதன்பின் கல்வராயன் முதலிய மலைகளுக்கும் மட்டக்குதிரைமேல் சென்று நோயுற்றோரைப் பேணினார். 1974-ஆம் ஆண்டில், தொண்ணூற்றைந்தாம் அகவையில், வேலூரில் உயிர் நீத்தார்.

எம் நண்பர்

முகம் வாடிய நண்பரைப் பற்றி இனிக் கூறுவோம். அவர் இசைவு பெற்றே இதனை எழுதுகின்றோம். அன்றிரவு வெள்ளிமலையில் விளக்கணைத்தபின், இருளில் அவர் சொன்னார்: ஓராண்டாகத் தம் முழங்கைக்குக் கீழே ஒரு வெளிறிய படை உளது; அதில் நோவில்லை; விடுதியினின்று நீக்கிவிடுவரோ, வீட்டில் தங்கையின் மணம் தடைப்படுமோ என அஞ்சி ஒருவருக்கும் காட்டவில்லை. எம்முள் ஒருவர் விளக்கேற்றி, அவரைக் கண் மூடச் செய்து, துணிநுனியால் அவ்விடத்தைத் தொட்டார். நண்பர் தொட்டதை அறியவில்லை. அவ்வேளையில் எம்முள் இருவர் தம்மையறியாமல் பாயைச் சிறிது விலக்கிக்கொண்டனர். அதனை அவர் கண்டார். அந்நாணம் இன்றும் எம்மை விட்டு நீங்கவில்லை.

கீழிறங்கியவுடன் அவரோடு கள்ளக்குறிச்சியில் மருத்துவரிடம் சென்றோம். மருத்துவர் சோதித்து, நோய் தொடக்க நிலையிலேயே உளது என்றும், ஆறு திங்கள் மருந்துண்டால் முற்றும் குணமாகும் என்றும் கூறினார். 1980-களின் தொடக்கத்தில் உலக சுகாதார நிறுவனம் வகுத்த கூட்டு மருந்து முறை அது. நோயின் நிலைக்கேற்ப ஆறு திங்களோ பன்னிரண்டு திங்களோ உண்ணவேண்டிய அம்மருந்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் விலையின்றிக் கிடைக்கிறது. மருந்து தொடங்கியதும் அவரால் நோய் பிறருக்குப் பரவாது என்றார் மருத்துவர். மக்களிற் பெரும்பாலோர்க்கு இந்நோயை எதிர்க்கும் ஆற்றல் இயல்பாகவே உண்டு. கைகுலுக்குவதாலோ உடனிருந்து உண்பதாலோ அது தொற்றுவதன்று. மருந்துண்ணாத நோயாளரோடு நெடுநாள் நெருங்கி வாழ்வதால் மூச்சின் வழியே பரவக்கூடும். நண்பர் ஆறு திங்களும் தவறாது மருந்துண்டு இன்று நலமாய் உள்ளார். எம்மோடு ஒரே பந்தியில் உண்கிறார். அவர் கைவிரல்கள் பத்தும் நேராய் உள்ளன.

2005-ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியாவில் பதினாயிரவர்க்கு ஒருவர் என்னும் அளவிற்கும் கீழே இந்நோய் தாழ்ந்தது. ஆயினும் ஒழிந்துவிட்டதென்று எண்ணுதல் தவறு. 2023-ஆம் ஆண்டில் உலகிற் புதிதாகக் கண்டறியப்பட்ட ஏறத்தாழ 1,82,000 நோயாளருள் 1 இலட்சத்துக்கு மேற்பட்டோர் நம் நாட்டினர். தொழுநோயுற்றோரை அடைத்து வைக்க இடந்தந்த 1898-ஆம் ஆண்டுச் சட்டம் 2016-இல் நீக்கப்பட்டது. தொழுநோயை மணமுறிவுக்குக் காரணமாகக் காட்டும் விதிகளும் 2019-இல் எடுக்கப்பட்டன. ஏட்டிலுள்ள சட்டம் மாறிவிட்டது. நம் பாயை விலக்கும் கை மாறவேண்டும்.

ஆதலின் மாணவ நண்பர்கள் தம் தோலில் உணர்ச்சியற்ற படை எதனையேனும் காணின் மறைக்காது காட்டுக. விடுமுறையில் ஊர் செல்வோர் தம் இல்லத்து முதியோரின் காலையும் பார்க்க. நீரிழிவு முதிர்ந்தவர்க்கும் காலின் உணர்ச்சி இவ்வாறே மழுங்கும். அவர்கள் நாள்தோறும் உள்ளங்காலைக் கழுவி நோக்குதலும், வெறுங்காலோடு நடவாமையும் வேண்டும். 2022-ஆம் ஆண்டில் கள்ளக்குறிச்சிக்கு அரசு மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டது. மலையினின்று இறங்கி மருத்துவரைத் தேடிப் பல நாள் அலைய வேண்டிய காலம் கழிந்தது.

ஐம்பொறிகளை எண்ணுங்கால் நம் முன்னோர் முதற்கண் வைத்தது மெய். உயிர்களை அறிவின் தொகையாற் பாகுபடுத்திய தொல்காப்பியமும் ஓரறிவுயிர்க்கு உரியதாகத் தொட்டறியும் அறிவையே வைத்தது. கண்ணில்லாத உயிர் உண்டு, செவியில்லாத உயிர் உண்டு. தொடுவுணர்வே அறிவின் முதற்படி. உடம்புக்கும் உண்மைக்கும் தமிழில் ஒரே சொல் அமைந்துள்ளது. தோல் சொல்வது மெய். அது நொந்தால் அதன் சொல்லைக் கேட்போம். அது பேசாது ஒழிந்த இடம் ஒன்று இருப்பின், அதற்காக நாம் பேசுவோம்.